ஐம்பதுக்கு முன் ஓய்வு, ஐரோப்பாவில் வாழ்வு: கணக்கு உதைக்கிறது



சென்ற தவணை விடுமுறைக்கு முந்திய வாரம், ஆசிரியர் அறையில் பசியாறிக் கொண்டிருந்த வேளையில், இளைய ஆசிரியை ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். மஞ்சள் நிறத் தடவண்டி ஒன்று மேட்டுத் தெருவில் முனகிக்கொண்டே ஏறுகிறது. இருமருங்கிலும் நீல ஓடு பதித்த வீடுகள். கீழே ஆறு. “நாற்பத்தைந்தில் வேலையை விட்டேன், இன்று ஐரோப்பாவின் தலைநகர் ஒன்றில் அரசனைப் போல் வாழ்கிறேன்” என்று ஒருவர் ஆங்கிலத்தில் பேசுகிறார். அந்த நகரம் போர்த்துகலின் தலைநகராகிய லிஸ்பன்.

பார்த்த ஐவரில் நால்வர் பெருமூச்சு விட்டனர். “அக்கா, நமக்கெல்லாம் இப்படி ஒரு வாழ்வு அமையாதா?” என்று அந்த ஆசிரியை என்னைக் கேட்டார். நான் பெருமூச்சு விடவில்லை. அதை ஓராண்டுக்கு முன்பே விட்டிருந்தேன். விருப்ப ஓய்வுக்கான படிவத்தைப் பதிவிறக்கம் செய்து, பெயரும் அடையாள அட்டை எண்ணும் எழுதி, வீட்டு அலமாரியில் வைத்திருந்தவள்தான் நான். ஆகவே இக்கட்டுரையை மேடையில் நின்று அறிவுரை கூறுபவளாக எழுதவில்லை. அந்தப் பள்ளத்தின் விளிம்புவரை சென்று எட்டிப் பார்த்துத் திரும்பியவளாக எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்தி விடுகிறேன். நோயின் காரணமாக ஓய்வு பெறுவோர், படுக்கையில் கிடக்கும் தாய் தந்தையரைப் பேணுவதற்காக ஓய்வு பெறுவோர், மனம் முற்றிலும் சோர்ந்து இனி வகுப்பறையில் நின்றால் பிள்ளைகளுக்கே தீங்கு என்று உணர்ந்து விலகுவோர், இவர்களை நான் ஒருபோதும் குறை கூறேன். என் சண்டை, கனவை விற்பனை செய்வோரோடும், விலைச்சீட்டைப் படிக்காமல் அதை வாங்கத் துடிக்கும் நம்மோடும்தான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஐந்தாம் ஆண்டு மாணவனுக்குக் கற்பிப்பது போலவே படிப்படியாகப் போவோம்.

ஓர் ஆசிரியை இருபத்து நான்காம் வயதில் பணியில் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது வயது நாற்பத்தாறு. பணியாற்றியது 22 ஆண்டுகள், அதாவது 264 மாதங்கள். இறுதிச் சம்பளம் 6,000 வெள்ளி. நம் நாட்டில் 1991 ஏப்ரல் 12-ஆம் நாளுக்குப் பின் பணியமர்த்தப்பட்ட அரசு ஊழியர் நாற்பது வயதிலேயே விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பிக்கலாம். இது பலருக்கும் தெரியும். பணிக்கொடை உடனே கைக்கு வரும் என்பதும் தெரியும். ஆனால் மாதாந்திர ஓய்வூதியம் ஐம்பத்தைந்து வயது நிறைந்த பிறகே வரத் தொடங்கும் என்பதை, படிவத்தை நிரப்பும் நாள்வரை அறியாதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பணிக்கொடை என்பது 7.5 விழுக்காடு, பெருக்கல் பணி மாதங்கள், பெருக்கல் இறுதிச் சம்பளம். விடை 118,800 வெள்ளி. ஓய்வூதியம் என்பது அறுநூறில் ஒரு பங்கு, பெருக்கல் பணி மாதங்கள், பெருக்கல் இறுதிச் சம்பளம். விடை மாதம் 2,640 வெள்ளி. அதுவும் ஒன்பது ஆண்டுகள் கழித்து. இதே ஆசிரியை அறுபது வயதுவரை பணியாற்றினால், சம்பளம் ஒரு காசு கூட உயராவிட்டாலும் உச்ச வரம்பாகிய 60 விழுக்காட்டை எட்டி, மாதம் 3,600 வெள்ளி பெறுவார்.

இனி லிஸ்பன் பக்கம் வருவோம். வேலை செய்யாமல் அங்கே தங்க விரும்பும் அயல்நாட்டவர்க்கு டி7 என்னும் விசா உண்டு. அதற்கு, உழைக்காமலே மாதந்தோறும் தொடர்ந்து வரும் வருமானம் இருப்பதாகக் காட்ட வேண்டும். அந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே அதன் அளவுகோல். 2025-இல் அது 870 யூரோ. கணவனோ மனைவியோ உடன் வந்தால் அதில் பாதி கூடும். ஒரு பிள்ளைக்கு மேலும் 30 விழுக்காடு. மூவர் கொண்ட குடும்பத்திற்கு 1,566 யூரோ. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு யூரோவை 5 வெள்ளி என்று கொள்வோம். தனி ஆளுக்கு 4,350 வெள்ளி. மூவருக்கு 7,830 வெள்ளி.

நம் ஆசிரியையின் தொடர் வருமானம் எவ்வளவு? ஐம்பத்தைந்து வயதுவரை சுழியம். அதன் பின்னும் 2,640 வெள்ளிதான். வீட்டு வாடகையோ நிலையான வைப்புத் தொகையின் வட்டியோ பெரிய அளவில் வருகிறவர்களுக்கு வழி உண்டு. சம்பளத்தை மட்டும் நம்பி வாழ்ந்த ஒருவருக்கு வாசற்படியிலேயே கதவு சாத்தப்பட்டு விடுகிறது.

எப்படியோ உள்ளே நுழைந்து விட்டார் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 4,350 வெள்ளி என்னும் மிகக் குறைந்த செலவில் வாழ்ந்தாலும், பணிக்கொடை முழுவதும் 27 மாதங்களில் கரைந்து விடும். அவர் கடக்க வேண்டியதோ 108 மாதங்கள். அதற்குத் தேவை 469,800 வெள்ளி. ஆனால் 4,350 வெள்ளியில் லிஸ்பனில் வாழவும் இயலாது. ஓர் அறை கொண்ட சிறு வீட்டின் வாடகையே 1,000 யூரோவைத் தாண்டி நிற்கும் நகரம் அது. 5,000 வெள்ளியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, மீதம் இல்லாத பணத்தில் அரிசி வாங்க வேண்டும்.

இன்னும் சில்லறைச் செலவுகள் இருக்கின்றன. காணொளியில் வெயில் மட்டுமே காய்கிறது. லிஸ்பனின் பழைய வீடுகள் பலவற்றில் நடுவண் வெப்பமூட்டும் வசதி கிடையாது. குளிர்காலத்தில் வெளியில் பத்துப் பாகை செல்சியசை ஒட்டிய குளிர், உள்ளே சுவரில் ஈரம். இங்கே ஓய்வூதியர் அட்டையைக் காட்டினால் அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்கிறோம். அந்த அட்டை அங்கே வெறும் நெகிழி. ஆண்டில் 183 நாள்களுக்கு மேல் தங்கினால், உலகின் எந்த மூலையில் இருந்து வரும் வருமானத்திற்கும் அந்நாட்டு வரி. வீட்டில் ஒரு சாவு என்றால் கோலாலம்பூருக்கு ஒரே நாளில் விமானச்சீட்டு எடுக்க வேண்டும். இதையெல்லாம் காணொளிக்காரர் சொல்வதில்லை. அவருக்கு வருமானம் ஓய்வூதியத்தில் இருந்து வருவதில்லை. நாம் பார்ப்பதில் இருந்து வருகிறது.

விதிகள் நம் கையில் இல்லை

பணக் கணக்கு ஒருவாறு சரியாக வந்தாலும், இன்னொரு கணக்கு உண்டு. அயல் மண்ணில் ஓய்வு பெறுபவன் அந்நாட்டுச் சுற்றறிக்கை ஒன்றின் தயவில் வாழ்கிறான்.

போர்த்துகல் 2009-இல் அயல்நாட்டு ஓய்வூதியர்களுக்குப் பெரும் வரிச்சலுகை கொடுத்து வரவேற்றது. முதலில் பலருக்கு வரியே இல்லை. 2020-இல் புதிதாக வருவோரின் ஓய்வூதியத்திற்குப் 10 விழுக்காடு வரி வந்தது. 2024-இல் புதிய விண்ணப்பங்களுக்கு அத்திட்டமே மூடப்பட்டது. வீடு வாங்கினால் குடியிருக்கும் உரிமை என்று பேசப்பட்ட ‘தங்க விசா’ வழியும் 2023-இல் அடைபட்டது. பழைய காணொளிகளோ இன்றும் இணையத்தில் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

இலண்டன் நம் மக்களுக்கு இன்னும் நெருக்கமான கனவு. மகனோ மகளோ அங்கே மருத்துவராகவோ கணக்காய்வாளராகவோ இருப்பார். “போய் அவர்களோடு இருந்துவிட வேண்டியதுதான்” என்பார்கள். சொந்த வருமானத்தில் ஓய்வுக்காலத்தைக் கழிக்க வருவோர்க்கென்று இருந்த விசாப் பிரிவைப் பிரிட்டன் 2008-லேயே மூடிவிட்டது. பிள்ளைகளைச் சார்ந்து வரும் பெற்றோருக்கான விதிகளை 2012-இல் இறுக்கியது. அன்றாடத் தேவைகளையே தாமாகச் செய்து கொள்ள இயலாத நிலையில் இருந்தால்தான், அதிலும் சொந்த நாட்டில் பார்த்துக்கொள்ள வழியே இல்லையென்றால்தான், அனுமதி. நடமாட முடிகிற ஆசிரியர் ஆறு மாதம் விருந்தினராகப் போய்த் திரும்பலாம். அவ்வளவே.

இந்தக் கதை நமக்கு மறுபக்கத்தில் இருந்தும் தெரியும். நம் ஜொகூரே அயலவர் ஓய்வுக்காலத்தைக் கழிக்க வரும் மாநிலம் அன்றோ? 1996-இல் ‘வெள்ளி முடி’த் திட்டமாகத் தொடங்கி, 2002 முதல் ‘மலேசியா என் இரண்டாம் இல்லம்’ என்று பெயர் மாறிய திட்டத்தை நம்பிப் பலர் இங்கே வீடு வாங்கினர். 2021-இல் ஒரே அறிவிப்பில் மாத வருமான வரம்பு 10,000 வெள்ளியில் இருந்து 40,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. பத்து இலட்சம் வெள்ளி வைப்புத்தொகை கேட்கப்பட்டது. ஜொகூர் சுல்தான் அவர்களே வெளிப்படையாக மறுபரிசீலனை கோரும் அளவுக்கு அது போயிற்று. பிறகு 2024-இல் விதிகள் மீண்டும் மாறின. கேலாங் பாத்தாவின் வனநகரத்திற்கென்று தனி விதியும் வந்தது. பத்தாண்டு இங்கே வாழ்ந்த முதியவர்கள் அந்த இடைப்பட்ட காலத்தில் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பிரிட்டனில் இருந்து இங்கே வந்து தங்கியவர்க்கு இன்னொரு தலைவலி. அந்நாட்டு அரசு ஓய்வூதியம், மலேசியாவில் வாழ்பவர்க்கு ஆண்டுதோறும் உயர்வதில்லை. முதல் நாள் என்ன தொகையோ அதுவே கடைசி நாள்வரை.

ஐரோப்பியரும் சிங்கப்பூரரும் மலிவு என்று ஜொகூருக்கு வருகிறார்கள். ஜொகூர்க்காரர்களாகிய நாம் மலிவு என்று ஐரோப்பாவைப் பார்க்கிறோம். இதில் யாரோ ஒருவர் கணக்கில் பிழை செய்கிறார். அது அவர்கள் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மலிவு யாருக்கு?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். “பணம் இருப்பவர் போகட்டுமே, உங்களுக்கு என்ன?” என்பீர்கள். என் பதில் லிஸ்பன் ஆசிரியர்களிடம் இருந்து வருகிறது.

2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நகரத் தெருக்களில் ஆசிரியர்கள் பல்லாயிரக் கணக்கில் திரண்டு ஊர்வலம் போனார்கள். நாடு கடனில் மூழ்கிய காலத்தில் அரசு அவர்களுடைய பணி உயர்வுக் காலத்தை உறைய வைத்திருந்தது. அந்த நாள்களைத் திருப்பிக் கொடு என்பது அவர்களின் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று. எத்தனை நாள்கள் தெரியுமா? 6 ஆண்டு, 6 மாதம், 23 நாள். அந்த இருபத்து மூன்று நாளையும் விடாமல் எண்ணி வைத்திருந்தார்கள் பாருங்கள், அதில்தான் அவர்களும் நம் இனம் என்று கண்டுகொண்டேன்.

வெளியூரில் இருந்து லிஸ்பன் பள்ளிகளுக்கு நியமனம் பெறும் ஆசிரியர்களால் அந்நகர வாடகையைத் தாங்க முடியவில்லை. சம்பளத்தில் பெரும்பகுதி ஓர் அறைக்கே போகிறது. அதனால் அங்கே ஆசிரியர் பற்றாக்குறை. அதே ஆண்டு ஏப்ரல் முதல் நாள், வாழ வீடு வேண்டும் என்று பொதுமக்களும் தெருவில் இறங்கினார்கள். வாடகை உயர்ந்ததற்குக் காரணங்கள் பல. சுற்றுலா விடுதிகள், முதலீட்டாளர்கள், போதிய வீடு கட்டாத அரசு. அவற்றுள் ஒன்று, வெளியில் இருந்து பணத்தோடு வந்து “என்ன மலிவு!” என்று வியந்தவர்களின் வருகை. ஒருவருக்கு மலிவாகத் தெரியும் அந்த வீடு, இன்னோர் ஆசிரியர் காலி செய்த வீடாக இருக்கலாம்.

இன்னொன்று. அந்நாட்டில் 2025-இல் ஓய்வு பெறும் வயது 66 ஆண்டு 7 மாதம். நாற்பத்தாறு வயதில் ஓய்வு பெற்ற மலேசிய ஆசிரியர், அறுபத்தாறு வயதிலும் சாக்கட்டி பிடிக்கும் போர்த்துகீசிய ஆசிரியரின் தெருவில் உட்கார்ந்து காப்பி குடிப்பதை ‘வாழ்வு’ என்று கூற என் நா எழவில்லை.

யாழ்ப்பாணத்தின் பாடம்

வேலை செய்தது ஒரு நாடு, ஓய்வு பெற்றது வேறு நாடு என்ற வாழ்க்கை நம் இனத்துக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இருந்து இலங்கைத் தமிழர்கள் மலாயா இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர்களாக, நிலைய அதிபர்களாகப் பணியாற்றினர். ஐம்பத்தைந்தில் ஓய்வு பெற்றுப் பலர் யாழ்ப்பாணம் திரும்பினர். ‘மலாயா பென்சனியர்’ என்பது அங்கே ஒரு மதிப்புமிக்க பட்டம். மாதந்தோறும் கடல் கடந்து வரும் பணத்தில் கல்வீடுகள் எழுந்தன. கோயில் திருப்பணிகளும் பள்ளிக் கட்டடங்களும் நடந்தன.

அவர்கள் பிழை செய்யவில்லை. பிறந்த மண்ணுக்கு, உற்றார் நடுவே, தாய்மொழி பேசும் ஊருக்கு, பணிக்காலத்தை நிறைவு செய்துவிட்டுத் திரும்பினார்கள். அப்படி இருந்தும், 1983-இன் கலவரமும் அதைத் தொடர்ந்த போரும் வந்தபோது, மலாயாப் பணத்தில் கட்டிய எத்தனையோ வீடுகள் கூரையின்றி நின்றன. அவ்வீட்டுப் பேரப்பிள்ளைகள் இலண்டனிலும் பாரிசிலும் ஒஸ்லோவிலும் ஏதிலிகளாகப் போய் இறங்கினர். சொந்த ஊருக்குத் திரும்பியவர்களுக்கே வரலாறு உறுதி கொடுக்கவில்லை. உறவும் மொழியும் இல்லாத ஊரில், பாதிக் கணக்கோடு போய் இறங்குகிறவருக்கு யார் உறுதி கொடுப்பார்?

மற்றொரு செய்தியும் சொல்ல வேண்டும். லிஸ்பன் தமிழுக்கு அந்நியமான ஊரன்று. 1554-இல், தமிழ்மொழியை உரோமன் எழுத்தில் அச்சிட்ட முதல் நூல் அந்நகரத்தில்தான் வெளிவந்தது. போர்த்துகீசியப் பெயர் தாங்கிய மூன்று தமிழர்கள் அந்த வேலையில் ஈடுபட்டார்கள். நாம் நாள்தோறும் சொல்லும் சன்னல், சாவி, அலமாரி, மேசை, ஏலம் எல்லாம் அங்கிருந்து வந்த சொற்கள். மலாய்மொழியின் ‘செக்கோலா’ கூட அவர்கள் தந்ததே. இன்னொரு பக்கம், 1511-இல் மலாக்காவைப் பிடித்தவர்களும் அவர்களே. அங்கிருந்து துரத்தப்பட்ட அரச மரபில்தான் நம் ஜொகூர் அரசு பிறந்தது. 1587-இல் ஜொகூர் லாமாவை எரித்தவர்களும் அவர்களே. ஆகவே லிஸ்பனைப் போய்ப் பாருங்கள். மாணவர்களுக்கு அதைப் பற்றிப் பாடம் நடத்துங்கள். இரண்டு வாரம் சுற்றுலா போக 118,800 வெள்ளி தேவையில்லை. பணியைத் துறக்கவும் தேவையில்லை.

நாம் எழுதாத செலவு

இதுவரை சொன்னவை போகிறவரின் செலவு. இனிச் சொல்லப் போவது, எந்தப் பட்டியலிலும் எழுதப்படாத செலவு.

2022 முதல் 2025 மே மாதம்வரை 19,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் முன்கூட்டியே பணி ஓய்வை நாடியதாக நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் கூறிய காரணம், ஆர்வம் போய்விட்டது என்பது. இந்த எண்ணிக்கையில் எல்லா மொழிப் பள்ளிகளும் அடங்கும். பெரிய பள்ளியில் எழுபது ஆசிரியர்களுள் ஒருவர் போனால் எழுபதில் ஒரு பங்குதான் குறையும். எட்டு ஆசிரியர் கொண்ட தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒருவர் போனால் ஒரு வகுப்பே தள்ளாடும்.

என் கண் முன்னே நடந்ததைச் சொல்கிறேன். முன்பு நான் பணியாற்றிய பள்ளியில் குறைநீக்கல் வகுப்பை நடத்தியவர் மூத்த ஆசிரியை ஒருவர். எனக்கு அக்கா முறை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் கற்றதைவிட, அவருடைய வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து கற்றது அதிகம். அவர் விருப்ப ஓய்வு பெற்று, இலண்டனில் இருக்கும் மகளிடம் போனார். ஆண்டு நடுவில் விடைபெற்றார். மாலை, பொன்னாடை, கேக்கு எல்லாம் வைத்து அனுப்பினோம்.

மாற்று ஆசிரியர் வர நான்கு மாதங்கள் ஆயின. அந்த நான்கு மாதமும் குறைநீக்கல் மாணவர்கள் வகுப்புக்கு வகுப்பு அலைந்தார்கள். அவர்களுள் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் என் வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்தான். அவன் தந்தை விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார்சைக்கிளில் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். திரும்பும்போது மகன் தூங்கியிருப்பான். பாட்டிதான் வளர்க்கிறார்; அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தப் பையனுக்கு, உயிர்மெய் எழுத்துகளைக் கூட்டி ஒரு சொல்லாக வாசிக்கும் அந்தக் கணம், பல மாத உழைப்புக்குப் பின் அப்போதுதான் வந்திருந்தது. என் வகுப்பில் முப்பத்திரண்டு பேர். நான் அவனுக்குக் கொடுத்தது ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். அதுவும் எல்லா நாளும் இல்லை. நான்கு மாதத்தில் அவன் மீண்டும் எழுத்தெழுத்தாய் உச்சரிக்கத் தொடங்கினான். பிறகு அதுவும் நின்றது. “அந்த டீச்சர் எப்போ திரும்பி வருவாங்க?” என்று என்னிடம் கேட்டான். நான் “வருவாங்க” என்றேன். அது பொய் என்று எனக்குத் தெரியும்.

அக்கா ஆறு மாதத்தில் திரும்பி வந்தார். விருந்தினராகத் தங்க அனுமதி அவ்வளவுதான். பள்ளிக்கு வரவில்லை, வர வழியும் இல்லை. ஒரு நாள் உலு திராமில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். “மகள் காலை ஏழு மணிக்குப் போனால் இரவுதான் வருவாள், நான் சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். குளிர் பழகிவிட்டது. யாருக்கும் நான் தேவைப்படாததுதான் பழகவில்லை” என்றார். நான் அந்தப் பையனைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்றும் எண்ணுகிறேன்.

அவரைக் குற்றவாளியாக்க இதை எழுதவில்லை. முப்பதாண்டுக்கு அருகில் உழைத்தவர் அவர். அந்த நான்கு மாத இடைவெளிக்கு அவர் பொறுப்பில்லை, நிருவாகம் பொறுப்பு. ஆனால் அந்தப் பையனுக்கு இந்தப் பாகுபாடெல்லாம் தெரியாது. ஆள் இல்லை என்பது மட்டுமே அவனுக்குத் தெரியும். அன்று மாலை வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். படிவத்தைக் கிழிக்கவில்லை, அப்படியெல்லாம் நாடகம் செய்யத் தெரியாது. அதன் பின்பக்கத்தில் மேலே சொன்ன கணக்கைப் போட்டேன். கீழே கடைசி வரியாக அந்தப் பையனின் பெயரை எழுதினேன். அதற்கு நேராக எந்த எண்ணையும் எழுத முடியவில்லை.

பெற்றோருக்கும் மேலிடத்திற்கும் ஒரு சொல்

ஆசிரியர்கள் ஏன் ஆர்வம் இழக்கிறார்கள் என்பதைப் பேசாமல் “போகாதீர்கள்” என்று மட்டும் சொல்வது நேர்மையாகாது.

கற்பிக்கும் நேரத்தைக் கோப்புகளும் இணையப் பதிவுகளும் தின்கின்றன. ஒரே தரவை மூன்று இடத்தில் பதிவு செய்கிறோம். நிகழ்ச்சி நடந்ததைவிட அதைப் புகைப்படம் எடுத்து அறிக்கை எழுதியதே பெரிதாகி விட்டது. மேலிடத்தில் இருப்போர் ஆசிரியர் வெளியேறுவதைத் தடுக்க ஊக்க உரைகள் ஏற்பாடு செய்ய வேண்டாம். வாரத்திற்கு நான்கு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும். விருப்ப ஓய்வு பெறுவோரின் இடத்தை அவர் போகுமுன்பே நிரப்ப வழி செய்தால் போதும்.

பெற்றோர்களே, உங்களுக்கும் பங்கு உண்டு. இரவு பதினொரு மணிக்குப் புலனக் குழுவில் ஆசிரியரை வறுத்தெடுப்பது எளிது. வீட்டுப்பாடம் கொடுத்தால் அதிகம் என்கிறோம். கொடுக்காவிட்டால் அக்கறை இல்லை என்கிறோம். ஓர் ஆசிரியர் போய்விட்டால் பொன்னாடை போர்த்துகிறோம். இருக்கும்போது ஒரு நன்றி சொல்ல மறக்கிறோம். நாடு முழுவதும் தமிழ்ப்பள்ளி மாணவர் எண்ணிக்கை முன்பு இலட்சத்தைத் தாண்டி இருந்தது. இன்று அதிலிருந்து வெகுவாகக் குறைந்துவிட்டது. 1816-இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க் கல்வியின் தொடர்ச்சி இனி உங்கள் கையிலும் எங்கள் கையிலும் சேர்ந்தே இருக்கிறது. பிள்ளையை நீங்கள் அனுப்பாவிட்டால் எங்களுக்கு வேலை இல்லை. நாங்கள் இல்லாவிட்டால் பிள்ளையை அனுப்பப் பள்ளி இல்லை.

முடிவாக

ஆசிரிய நண்பர்களே, ஓய்வு வேண்டும். கட்டாயம் வேண்டும். பள்ளி விடுமுறையை உண்மையான விடுமுறையாக்கப் போராடுவோம். பணியில் இருக்கும்போதே ஊர் சுற்றிப் பார்ப்போம். அறுபதில் முழு ஓய்வூதியத்தோடு, குளுவாங்கிலோ மாசாயிலோ சொந்த வீட்டுத் திண்ணையில் உட்காருவோம். நம்மிடம் படித்தவன் வழியில் மோட்டாரை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி, “டீச்சர், நல்லா இருக்கீங்களா?” என்று கேட்பான். அந்த வாழ்வை எந்தத் தலைநகரிலும் வாடகைக்கு எடுக்க முடியாது.

யாராவது மீண்டும் அந்தக் காணொளியை உங்களுக்குக் காட்டினால், பெருமூச்சு விடுமுன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சம்பளம், உங்கள் மாதங்கள், உங்கள் வயது ஆகியவற்றை எழுதுங்கள். கடைசி வரியில், உங்கள் வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் பெயரையும் எழுதுங்கள். அதன் பிறகும் கணக்குச் சரியாக வருமானால், வாழ்த்தி வழியனுப்ப நானே மாலையோடு வருகிறேன்.

என் படிவம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை காலை எனக்கு முதல் பாடவேளை, இரண்டாம் ஆண்டு, தமிழ்மொழி.

அன்புடன்,
ஜொகூரில் இருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை